முனிக்கு விட்ட சேவல்

ஆத்மநாதன் கட்டிய மாலையைப் பிரித்துப் பார்த்தவர்கள் அரிமளத்தில் ஒருவரும் கிடையாது. பிரிக்க முடியாது என்பதுதான் காரணம். கிணற்றில் தவறி விழுந்த ஒரு பெரியவரை அவர் கட்டிய சம்பங்கி மாலையைப் போட்டே மேலே இழுத்தார்கள் என்றும், மாலையிலிருந்து ஒரு பூக்கூட உதிரவில்லை, பெரியவருடைய வேட்டிதான் கிணற்றோடு போயிற்று என்றும் ஊரில் சொல்வார்கள். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து இரண்டு விரலால் அவர் ஒரு சுற்றுச் சுற்றினால், முடிச்சு எங்கே இருக்கிறதென்று எறும்புக்கும் தெரியாது.

அந்த முடிச்சுதான் அவரைக் கெடுத்தது.

சப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த வருஷம் அது. கண்மாய் மடைகளை அளக்க வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவர் ஊருக்கு வெளியே பங்களாவில் தங்கியிருந்தார். கொக்குத் துரை என்று ஊர் அவருக்குப் பேர் வைத்திருந்தது. விடிந்ததும் முழங்கால் தண்ணீரில் போய் நின்றாரானால், நிஜக் கொக்குகள் வெட்கப்பட்டு அடுத்த கண்மாய்க்குப் போய்விடும். தூண்டிலில் மண்புழுவும் கிடையாது, தவளையும் கிடையாது. முள்ளின்மேல் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரிச் செய்த ஒரு துணுக்கைச் சாட்டை வீசுவதுபோல் வீசி எறிவார். நிஜ ஈ என்று நம்பி விரால் பாயும். பாய்ந்த மீனை இழுத்து, முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். இதைக் கரையில் நின்று பார்த்தவர்களில் நாலு பேருக்குக் காய்ச்சலே வந்தது.

அந்த ஈக்கள் சீமையிலிருந்து பார்சலில் வரவேண்டியவை. யுத்தத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. கைவசம் இருந்தவற்றை விரால்கள் கிழித்துத் தள்ளிவிட, துரைக்குச் சோறு இறங்கவில்லை. வரவேற்பில் ஊரார் தமக்குப் போட்ட ஆத்மநாதனின் மாலை, பூவெல்லாம் சருகான பிறகும் முடிச்சு அவிழாமல் பங்களா ஆணியில் தொங்குவது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

மறுநாளே பட்லர் ஞானமணி ஒரு தீப்பெட்டியோடு ஆத்மநாதன் வீட்டுக்கு வந்தார். உள்ளே கிழிந்த ஈ ஒன்றும் வெறும் முட்கள் இரண்டு டஜனும் இருந்தன.

“பூக்காரரே, இத மாதிரி கட்ட முடியுமான்னு தொரை கேக்குறாரு.”

ஆத்மநாதன் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “என்னங்க பட்லர் இது, ஈயா கொசுவா?”

“மீனு ஈன்னு நெனச்சாப் போதும். நீங்க என்ன அதுக்குக் காதா குத்தப் போறீங்க?”

“சாமானுக்கு எங்க போறது?”

“சாமானெல்லாம் கப்பலோட போயிருச்சு. வீட்ல கெடக்கிறதப் பாருங்க.”

பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அந்த வீடு அதுவரை கண்டதில்லை. மனைவி சொர்ணவல்லி கண்மாய்க்குத் துணி துவைக்கப் போன நேரமாகப் பார்த்து அவளுடைய சவுரியிலிருந்து நாலு மயிர் உருவினார். குங்குமம் ஒட்டுவதற்கு அவள் நெற்றியில் தொட்டுக்கொள்ளும் மெழுகில் ஒரு துணுக்கைக் கிள்ளி நூலுக்குப் பூசினார். கல்யாண வேட்டியின் ஜரிகை ஈயின் வயிற்றுக்கு மினுமினுப்பானது. தலையணை இலவம்பஞ்சு அதன் உடம்பானது. முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மயிலிறகில் பாதி மொட்டையானது. மடியில் வந்து படுத்த பூனை எழுந்து போகும்போது முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் இளைத்திருந்தது.

எல்லாம் சேர்ந்தும் ஈ மிதக்கவில்லை. கழுத்தைச் சுற்றி விறைப்பாக நிற்கும் இறகுதான் அதைத் தண்ணீரின் மேல் நிறுத்தவேண்டும். காக்கை இறகு நனைந்து சுருண்டது. கோழி இறகு கூழானது. அப்படியே தலையைத் தூக்கியபோது, கொல்லையில் எருக்குழியின் மேல் ஏறி நின்று அந்தச் சேவல் கூவியது.

செம்பும் கறுப்பும் கலந்த கழுத்து. வெயில் பட்டால் பற்றி எரிவதுபோல் இருக்கும். தொடக்கூடாத சேவல். சொர்ணவல்லியின் தம்பி நாகராசு சிங்கப்பூரில் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வேலை பார்த்தான். சப்பான்காரன் புகுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. அவன் கடுதாசி வந்த அன்றைக்கு அறுப்பதாக அவள் இந்தச் சேவலை முனிக்கு நேர்ந்து விட்டிருந்தாள். சேவலின் காலில் மஞ்சள் நூல் கட்டிவிட்டுப் பூசாரி ஆண்டிச்சாமி சொன்னதை ஆத்மநாதனும் பக்கத்தில் நின்று கேட்டார்.

“தாயி, இனிமே இது சேவல் இல்ல, ஒந் தம்பி. ஒரு கொறையும் வராமப் பாத்துக்க. கொறை உள்ளத முனி ஏத்துக்கிற மாட்டாரு.”

ஒரே ஒரு இறகுதான் என்று ஆத்மநாதன் பிடுங்கினார். சேவல் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முனியே ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்ததுபோல் இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இரண்டாவதைப் பிடுங்கினார்.

துரை அந்த ஈயைப் பூதக்கண்ணாடி வைத்துக் கால்மணி நேரம் பார்த்தாராம். “இந்த முடிச்சப் போட்ட கையை நான் பாக்கணும்” என்றாராம். ஞானமணி வந்து சொன்னபோது ஆத்மநாதனுக்கு ரோமம் சிலிர்த்துக்கொண்டது. இருபது வருஷமாகக் கட்டுகிறார். காலையில் கட்டினால் சாயங்காலம் மாட்டுக்குப் போகிற மாலையின் முடிச்சை யார் பார்த்தார்கள்? இப்போது ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார். அந்த ருசி பொல்லாதது. ஒரு ஈ பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று. சேவலின் கழுத்து உரித்த வாழைத்தண்டு மாதிரி ஆயிற்று.

சொர்ணவல்லி கண்டுபிடித்த காலையில் போட்ட சத்தம் அறந்தாங்கி வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஏங்க! இங்கிட்டு ஓடியாங்க! நாகராசுக்கு என்னமோ ஆயிப் போச்சுங்க!”

ஆத்மநாதன் ஓடினார். அவள் சேவலை மடியில் வைத்துக்கொண்டு எருக்குழியோரமே உட்கார்ந்திருந்தாள்.

“கழுத்தப் பாருங்க. எறகு அம்புட்டும் உதிந்து போச்சு. அங்க அவனுக்குக் கழுத்துல குண்டு பாஞ்சிருக்கும். இல்லாட்டி கழுத்துல கவுறு போட்டுக் கட்டி வச்சிருக்காங்க.”

“சேவல்னா எறகு உதிரத்தாம் புள்ள செய்யும்...”

“கழுத்துல மட்டுமா உதிரும்? பூசாரி என்ன சொன்னாரு? இது சேவல் இல்ல, என் தம்பி!”

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பரணில் ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த ஈக்களை நினைத்ததும், மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்லிவிட்டுக் கொல்லையை விட்டு நகர்ந்தார்.

அன்று முதல் அவள் சோற்றைத் தொடவில்லை. காலையில் ஒரு செம்பு நீராகாரம், அவ்வளவுதான். சேவலின் கழுத்துக்கு மஞ்சள் அரைத்துப் பூசினாள். தன் பங்குச் சோற்றை அதற்குப் போட்டாள். “சாப்புடுடா நாகராசு” என்று அவள் அதனிடம் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு ஆத்மநாதன் இலையின் முன்னால் உட்கார்ந்திருப்பார். இரண்டு கவளத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். மூன்றாம் நாள், ஜென்மத்தில் இல்லாத அதிசயமாக, அவர் கட்டிய மாலை ஒன்று அம்மன் கழுத்திலேயே அவிழ்ந்து விழுந்தது. ஞானமணி புது முட்களோடு வந்தபோது வீட்டில் இல்லை என்று அவரே உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் உச்சி வேளையில் சொர்ணவல்லி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் சாய்ந்தாள். குடம் நாலு சில்லானது. ஆத்மநாதன் அவளைத் தூக்கி உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண்ணைத் திறந்ததும் அவள் கேட்டது, “சேவலுக்குத் தண்ணி வச்சீங்களா?”

அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“சொர்ணம், எறகு உதிரல. நாந்தான் பிடுங்குனேன்.”

அவள் அவரை இரக்கத்தோடு பார்த்தாள். “நான் சோறு திங்கணும்னு பொய் சொல்றீங்க.”

“முனி மேல சத்தியமா!”

“அவரையும் இழுக்காதீங்க. ஏற்கெனவே கோவத்துல இருக்காரு.”

ஊரில் திருடினவன் ஒப்புக்கொண்டால் நம்புவார்கள். தம் வீட்டில் அதற்கும் வழியில்லாமல் ஆகிவிட்டதே என்று ஆத்மநாதனுக்கு அழுகை வந்தது. உள்ளே ஓடி, பரணிலிருந்து பெட்டியை இறக்கி அவள் மடியில் கொட்டினார். துரைக்கு இன்னும் கொடுக்காத பன்னிரண்டு ஈக்கள். சொர்ணவல்லி ஒன்றை எடுத்துச் சேவலின் கழுத்தில் மிச்சமிருந்த இரண்டு இறகுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே செம்பு, அதே கறுப்பு.

“இது என் சவுரி மயிருல்ல?”

“ஆமா.”

“இந்தப் பஞ்சு?”

“ஒந் தலகாணி.”

“இந்தச் சரிகை?”

“நம்ம கல்யாணத்துது.”

அடுத்து விழுந்தது சொளகு. ஐந்து நாள் பட்டினி கிடந்த கை என்று யாரும் சொல்லமுடியாது. முதுகில் விழுந்த தடத்தில் நெல் புடைக்கலாம் போல இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஆத்மநாதனுக்கு நெஞ்சுப் பாரம் ஒரு படி இறங்கியது. இன்னும் நாலு விழக்கூடாதா என்றிருந்தது. அவள் நிறுத்திவிட்டாள்.

“எரியிற சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. இனிமே எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன்னு.”

சாமி மாடத்தின் முன்னால் சூடம் ஏற்றினார்கள். ஆத்மநாதன் உள்ளங்கையால் அறைந்து அணைத்தார். “இனி ஒங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். முனி சாட்சி.” கை கொப்புளித்தது. அதுவும் இதமாக இருந்தது.

“சோத்தப் போடுங்க” என்றாள் சொர்ணவல்லி.

அவரே பரிமாறினார். அவள் சாப்பிட்டாள். முதல் தட்டு போன வழி தெரியவில்லை. இரண்டாவது தட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டபோது அவள் முகம் மெல்ல மலர்ந்தது. சின்னதாக ஒரு சிரிப்பும் வந்தது.

“அப்ப அது தானா உதிரல.”

“இல்ல.”

“அப்படின்னா நாகராசுக்கு ஒண்ணும் ஆகல.”

ஆத்மநாதனின் கையில் கரண்டி நின்றது. சேவல் இறகுக்கும் சிங்கப்பூருக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அவர் சொல்ல வந்தார். மூன்று மாதமாகக் கடுதாசி இல்லாதது இல்லாதபடியேதான் இருந்தது. அவன் கழுத்து எங்கே, எப்படி இருக்கிறதோ, அவருக்கு என்ன தெரியும்?

“ஏங்க, பேசாம நிக்கிறீங்க? அவன் நல்லாத்தான இருக்கான்?”

அவள் கையில் பிசைந்த கவளம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. அவர் என்ன சொல்கிறாரோ, அதைப் பொறுத்து அது மேலே போகும், இல்லாவிட்டால் தட்டுக்கே திரும்பும்.

“நல்லா இருக்கான் புள்ள” என்றார் ஆத்மநாதன். “சாப்பிடு.”

கவளம் மேலே போயிற்று. அவர் கொப்புளித்த கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டார்.