கோணல் மேஜையில் ஓர் இறக்கை

விடிந்தால் தங்கைக்கு மாதிரி விமானப் போட்டி. அவள் பால்சா என்ற லேசான மரத்தில் செய்திருந்த இறக்கையோ புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவசரத்தில் மேல்பக்கம் மட்டும் சாயம் பூசியிருந்தாள்; அது காய்ந்ததும் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. இப்படியே பறக்கவிட்டால் ஒரே ஒரு குட்டிக்கரணம், அப்புறம் விமானம் சுள்ளிதான்.

"நனைச்சு, சமமான இடத்துல பாரம் வெச்சுக் காயவிட்டா நிமிர்ந்துடும்," என்றாள். தரையில் வைத்து என் பாடப்புத்தகங்களை அடுக்கினோம். அவை முதல்முறையாகப் பயன்பட்டன. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், இறக்கை பாதி நிமிர்ந்து, யோசித்து, மறுபடி முறுக்கிக்கொண்டது.

"சமமா வெச்சா பத்தாதுடா. எதிர்ப்பக்கம் கொஞ்சம் முறுக்கிக் காயவிடணும். அப்புறம் விட்டா, திரும்பி வந்து நேரா நிக்கும்."

சொல்லும்போதே அவள் கண் சாப்பாட்டு மேஜைக்குப் போனது. என் கண்ணும்தான்.

அது அப்பா தன் கையால் செய்த மேஜை. அதன் பலகையே முறுக்கியிருக்கும்; பென்சில் வைத்தால் உருண்டு அம்மா மடியில் வந்து விழும். மேஜை நேர்தான், தரைதான் கோணல் என்பது அப்பா கட்சி. எத்தனை வீடு மாறினாலும் தரை கோணலாகவே அமைந்தது எங்கள் தலையெழுத்து.

"நீ போய்ச் சொல்லு," என்றாள்.

"நீதானே செல்லம். நீ சொல்லு."

"உனக்குத்தான் ஏற்கெனவே கெட்ட பேரு. இன்னும் கொஞ்சம் சேர்ந்தா தெரியாது."

நியாயமாகத்தான் பட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, மேஜை வேணும். அது வந்து... இந்தத் தரை கோணலா இருக்கில்ல, அதனால..."

அப்பா பேப்பரை மடித்தார். இறக்கையை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தார்.

"ஜன்னல் பக்க மூலையில வை," என்றார். "அங்கதான் முறுக்கு ஜாஸ்தி."

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "அப்போ உங்களுக்கு இத்தனை நாளும் தெரியுமா?"

"செஞ்சவனுக்குத் தெரியாதா."

அன்று எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். காலையில் பாரத்தை எடுத்ததும் இறக்கை லேசாக அசைந்து, நேராக நின்றது. தங்கை அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மைதானத்தில் விமானம் கோடு போட்டமாதிரி போய், சாதுவாக இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் அப்பா மேஜையைத் தடவினார்.

"இதை இழைச்சு நேராக்கிடலாம்னு பார்க்கிறேன்."

"அதுல மட்டும் கை வைக்காதீங்கப்பா," என்றாள் தங்கை. "அடுத்த விமானத்துக்கு வேணும்."

அப்பா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்கவேண்டுமே. அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தரை நேராகிவிட்டது.