வாசிகசாலைப் பலகையில் ஒரு போலந்துக்காரன்

உரும்பிராய் வாசிகசாலைக்கு வருகிறவர்கள் பேப்பரை மட்டும் வாசித்துவிட்டுப் போகிற ஆட்கள் இல்லை. ஒருவர் விரித்தால் நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், ஐந்தாவது ஆள் அபிப்பிராயம் சொல்வார். அப்படிப்பட்ட இடத்தில் மயூரதன் தன் செஸ் பலகையைக் கொண்டுபோய் வைத்தானே, அதுதான் அவன் செய்த முதல் பிழை.

சந்தி விதைக் கடையில் அவனுக்கு வேலை. இணையத்தில் அவன் விளையாடியது ஆறுதலான செஸ். ஒரு காயை நகர்த்த மூன்று நாள் அவகாசம். முன்பு தபாலட்டையில் ஆடிய அதே ஆட்டம், இப்போது கைபேசியில். அந்த மூன்று நாளும் பலகை வாசிகசாலை மேசையில் கிடக்கும். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்து யோசனை சொல்வார்கள். அதிலும் தியாகராசா என்று ஒரு தோட்டக்காரர் இருக்கிறாரே, அந்த மனிசனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு மூளை! மண் ஒட்டிய விரலால் ஒரு குதிரையைத் தொட்டு, "இதை இஞ்சை விடு தம்பி" என்பார். விட்டால் வெற்றி. இப்படியே மயூரதன் ஒரு இணையப் போட்டியின் இறுதிச்சுற்றுக்கு வந்துவிட்டான். அதில் எதிராளி ஒரு போலந்துக்காரர். வாசிகசாலைத் தலைவர் இராசநாயகம் சும்மா இருப்பாரா? மதிலில் அவன் படத்தோடு பதாகை கட்டிவிட்டார்.

கட்டிய மறுநாள் போட்டி நடத்துபவர்களிடமிருந்து கடிதம் வந்தது. விதிகளை வாசித்து ஒப்புதல் தர வேண்டும். புத்தகம் பார்க்கலாம். பழைய ஆட்டங்களின் தொகுப்பைப் புரட்டலாம். கணினியிடம் யோசனை கேட்கக் கூடாது. இவ்வளவும் அவனுக்குத் தெரியும், கணினியை அவன் தொட்டதேயில்லை. அடுத்த வரியில்தான் அகப்பட்டான். நடக்கிற ஆட்டத்தைப் பற்றி வேறு எந்த மனிதரிடமும் யோசனை கேட்கக் கூடாது.

நேரே தலைவரிடம் ஓடினான்.

"ஐயா, நாங்கள் இவ்வளவு நாளும் செய்தது களவாம். நான் விலகப்போறன்."

"விசர்க்கதை கதையாதை," என்றார் இராசநாயகம். "பிறத்தியாரிட்டைக் கேட்டால்தான் களவு. நாங்கள் உனக்குப் பிறத்தியாரோ? உன்ரை கொப்பர் இஞ்சை வைச்ச வேம்புக்குக் கீழை இருந்துதானே யோசிக்கிறம்?"

"அவங்கள் எழுதியிருக்கிறது அப்பிடி இல்லை ஐயா..."

"அவங்கள் என்னத்தையும் எழுதட்டும். பதாகை கட்டியாச்சு. கனடாவிலை இருந்து கோல் எல்லாம் வந்திட்டுது. இப்ப விலகினால் சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

விலகினால் ஊர் முகத்தில் முழிக்க முடியாது. விலகாவிட்டால் களவு. நடந்ததை ஒப்புக்கொண்டு எழுதுவோம் என்று மூன்று தரம் உட்கார்ந்தான், மூன்று தரமும் எழுதியதை அழித்தான். அதற்கும் மேலாக அவனை ஒன்று அரித்தது. இவ்வளவு தூரம் வந்தது தன் மூளையா, தியாகராசாவின் மூளையா? ஒரே ஒரு ஆட்டமாவது தனியே ஆடிப் பார்க்க வேண்டும். தோற்றாலும் அது தன் தோல்வியாக இருக்கட்டும்.

ஒப்புதல் கொடுத்தான். பிறகு ஒரு மூளைகெட்ட வேலை செய்தான். கைபேசியில் உண்மையான போலந்துக்காரரோடு தனியே ஆடினான். வாசிகசாலைப் பலகையில் வேறொரு ஆட்டத்தை வைத்து, போலந்துக்காரனாகத் தானே யோசித்து, "உவன் இண்டைக்கு இதை வைச்சிருக்கிறான்" என்று ஊரோடு மோதினான். கைபேசியைக் காட்டு பார்ப்போம் என்று ஒருவராவது கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

நாலு மாதம் இப்படியே ஓடியது. காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு ஆட்டம், பின்னேரம் மற்ற ஆட்டம்.

"என்னப்பா, சோத்திலை கையை வைச்சுக்கொண்டு ஆரோடை கதைக்கிறியள்?" என்று மனைவி சுவர்ணா கேட்டாள்.

அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் சேர்ந்து பொய் சொல்ல வேண்டி வரும்.

கார்த்திகை மழை தொடங்கிய கிழமை, கைபேசியில் அவனுடைய இராணி அகப்பட்டுக்கொண்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடைப்பு. கொடுத்த மூன்று நாளும் பார்த்துவிட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டான். நல்ல ஆட்டம், நன்றி என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். மயூரதனுக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் வந்தது, தோற்றது அவனேதான். இனி ஊருக்கும் சொல்லிவிடலாம் என்று சைக்கிளை எடுத்தான்.

வாசிகசாலை ஒழுங்கைக்குள் திரும்பும்போதே சீனவெடி கேட்டது. முந்தினநாள் அவன் வைத்துவிட்டுப் போன காய்க்கு எதிராகத் தியாகராசா குதிரையை இறக்கியிருந்தார். பலகையில் போலந்துக்காரனின் இராசாவுக்குப் போக ஒரு கட்டமும் மிச்சமில்லை. ஒரே நாளில் இரண்டு இடத்திலும் தோற்றவன் இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

"உந்தக் காயை அவனுக்கு அனுப்பிவிடு தம்பி, எல்லாம் முடிஞ்சுது!" என்று தலைவர் கட்டிப்பிடித்தார். பொன்னாடையும் தயாராக இருந்தது.

"ஐயா, ஒரு விசயம் சொல்ல வேணும்..."

"பிறகு சொல்லு. முதல் குனி."

பொன்னாடையைத் தலைவர் போட்டார், சரிந்த பக்கத்தைத் தியாகராசா இழுத்துவிட்டார். இழுத்துவிட்டபடியே காதோடு சொன்னார்.

"உவன் போலந்துக்காரனும் உன்னைப் போலத்தான். இராணியை அவசரப்பட்டு வெளியிலை விடுறான்."

மயூரதன் நிமிர்ந்தான். "எப்ப கண்டுபிடிச்சனீங்கள் அண்ணை?"

"ரெண்டாம் கிழமையே."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

தியாகராசா முற்றத்தைப் பார்த்தார். தோட்டத்தில் இருந்து அப்படியே வந்தவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள், மழையில் நனைந்துகொண்டே சிரித்தவர்கள். எல்லோருக்கும் தாங்களே வென்ற முகம்.

"அந்த முகங்களைப் பாத்துக்கொண்டு நீ சொல்லு பாப்பம்," என்றார்.

மயூரதன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து, கனடாவுக்கு அனுப்பப் படம் எடுக்கவேண்டும் என்று இராசநாயகம் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"சிரியன் தம்பி!"

மயூரதன் சிரித்தான்.