ரெட்டை சைக்கிளின் பின்சீட்டு

"நீ மிதிக்கலை!"

"மிதிச்சுக்கிட்டுதானே இருக்கேன்!"

"எங்க மிதிக்கிற? பெடல் மேல காலைச் சும்மா வச்சுக்கிட்டு, ஊஞ்சல்ல ஆடற மாதிரி…"

"ஊஞ்சலா? எனக்கு மூச்சு வாங்கறது உங்க காதுல விழலையா? முன்னாடி உட்கார்ந்திருக்கறவருக்கு…"

"சங்கிலி கனக்கறது எனக்குத் தெரியாதா? நான் ஒருத்தனா…"

"…பின்னாடி என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? முதுகுல கண்ணு முளைச்சிருக்கா?"

"கண்ணு எதுக்கு? வண்டி சொல்லுது!"

"வண்டி சொல்லுதாம்! வண்டி சொன்னா கேட்பீங்க. கட்டினவ சொன்னா கேட்க மாட்டீங்க."

இப்படிச் சண்டை போட்டபடியே இருவரும் மேடேறிக்கொண்டிருந்தார்கள். ஒரே சைக்கிளில்தான். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டமாக ஓடும் சங்கிலி. முன்னால் இருப்பவர் நிறுத்தினால் பின்னால் இருப்பவர் காலும் நின்றுவிடும். கோபித்துக்கொண்டு தனியாகப் போக வழியில்லாத வண்டி.

முன்சீட்டில் இருந்தவர் பல்செட் செய்கிறவர். வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவர் மேசையிலிருந்து போனதுதான். நாள் முழுக்கக் குனிந்து மெழுகில் அடுத்தவர் பல்லைச் செதுக்குகிறவருக்கு, தண்ணீரில் கை காலை நீட்டும்போதுதான் தனக்கென்று ஓர் உடம்பு இருக்கும் நினைப்பே வரும். முதலில் நீச்சல், கரையேறினால் சைக்கிள், இறங்கினால் ஓட்டம் என்று மூன்றையும் நடுவில் மூச்சுவிடாமல் முடிக்கிற அந்தப் போட்டியில் பத்து வருடமாகக் கலந்துகொள்கிறார். பரிசு கிரிசு ஒன்றும் வாங்கியதில்லை. கடைசி ஆளாகவும் வந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

பின்சீட்டில் அவர் மனைவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைகள் 'டிரைவரம்மா' என்று கூப்பிடுவார்கள். கோபம் வராத நாட்களில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

போட்டிகள் இல்லாத மாதங்கள் வந்தால் உடம்புக்கு ஓய்வு கொடுத்து, வேறு ஏதாவது பொழுதுபோக்கில் மனதைத் திருப்ப வேண்டும் என்பது போட்டிக்காரர்கள் கூட்டத்து வழக்கம். இவர் திருப்பிய அழகைத்தான் கேட்க வேண்டும். ஒரு வருடம் தூண்டில் போட்டார். மீன் கிடைக்கிறதோ இல்லையோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து போகும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்து காய்ச்சலை வாங்கிக்கொண்டு வந்தார். இன்னொரு வருடம் தக்காளி வளர்த்தார். அடுத்த வீட்டுத் தக்காளி முந்திப் பழுத்ததும் மனசு விட்டுப்போய்த் தண்ணீர் ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். பறவை பார்க்கப் போன வருடமோ, பறவைகளே இவரைப் பார்த்தால் ஓடி ஒளிந்தன.

அதனால்தான் இந்த வருடம் ரெட்டை சைக்கிள் வந்து இறங்கியதும் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கடிகாரம் கூடாது. எவ்வளவு வேகம், எவ்வளவு தூரம், இதயம் எத்தனை தடவை அடிச்சுதுங்கற கணக்கெல்லாம் வீட்டோட இருக்கட்டும். சரின்னா வரேன்."

"சரி" என்றார். அவர் சொல்ல வேண்டிய விஷயம் வேறொன்று இருந்ததால், எதற்கும் சரி என்று சொல்லும் நிலையில் இருந்தார்.

மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போன அன்று, வெறிச்சென்று கிடந்த வீட்டில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமல் அவரே வாயைக் கொடுத்தார்: "அடுத்த வருஷம் போட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஞாயித்துக்கிழமை எல்லாம் உனக்குத்தான்."  அன்று சாப்பாடு பரிமாறும்போது அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அது அவர் காதில் விழுந்தது.

பிறகு ஒருநாள் நீச்சல் குளத்தில், 'தவளை' என்று எல்லோரும் கூப்பிடும் நண்பன் தண்ணீரிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, அடுத்த வருஷம் பெரிய போட்டி ஒண்ணு வருது. இந்தத் தடவை கடல்ல நீச்சல். உங்க பேரையும் கொடுத்துடவா?" என்று கேட்டான். இவர் தலை தானாக ஆடிவிட்டது. மறுநாளே போய் இந்த ரெட்டை சைக்கிளை வாங்கி வந்தார்.

இன்று காலை கிளம்பும் நேரத்தில் தவளை போன் செய்தான். "அண்ணிகிட்ட சொல்லியாச்சாண்ணே?"

"ஏரிக்கரையில உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்றேன்."

"வேணாம்னு சொன்னாங்கன்னா இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க, வேற ஆள் பேரைப் போட்டுடலாம். அதுக்கப்புறம் உங்க பேர் கல்வெட்டுதான்."

அந்த ஏரி இன்னும் வந்தபாடில்லை. மேடு முடிந்து சாலை சமமானது. சண்டையும் சற்றே தணிந்தது. அப்போது கீங் என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"பறவை."

"என்ன பறவை?"

"ஒரு… சின்னப் பறவை."

"அந்த வருஷம் ஒரு குருவியைப் பார்த்தா அதோட அப்பன், பாட்டன் பேர் வரைக்கும் சொன்னீங்க. இன்னைக்கு வெறும் சின்னப் பறவையா?"

அவர் குனிந்து மிதித்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் கீங்.

"உங்க பறவை நம்ம கூடவே வருது."

"பழகின பறவையா இருக்கும்."

"அது பறந்து வர்ற மாதிரி தெரியலை. உங்க காலுகிட்ட உட்கார்ந்து வர்ற மாதிரியில்ல இருக்கு? வண்டியை நிறுத்துங்க."

நிறுத்தினார். அவள் இறங்கி வந்து, குனிந்து, அவருடைய இடது கால் சாக்ஸை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது கடிகாரம்.

"அடேயப்பா! சாக்ஸுக்குள்ளயே கூடு கட்டியிருக்கே!"

"கையில கட்டக்கூடாதுன்னுதானே சொன்ன…"

"பேசாதீங்க. எங்க பஸ்ல ரெண்டாம் வகுப்புப் பையன்கூட இதைவிட நல்லாப் பொய் சொல்வான்."

கழற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். மூடி போட்ட பிறகும் உள்ளேயிருந்து அது ஒரு தடவை முனகியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கேட்டாள்:

"இது ஒண்ணுதானா? இன்னும் வேற ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

சொல்லிவிட வேண்டிய இடம் அதுதான். அவருக்கும் தெரிந்தது. ஆனால் அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று மனசு வேறு பக்கம் போய்விட்டது.

"இல்லை" என்றார். அளவு சரியில்லாத பல்செட் மாதிரி அந்த 'இல்லை' வாய்க்குள்ளேயே குத்தியது.

ஒளித்து வைத்த ஒன்று பிடிபட்டால், பிடிபடாத இன்னொன்று இரண்டு மடங்கு கனக்கும் போலிருக்கிறது. அந்தக் கனத்தை மறக்க அவர் வேகமாக மிதித்தார். முன்னால் ஒரு வளைவு. போட்டியில் வளைகிற மாதிரியே ஓரத்தை ஒட்டி வெட்டித் திருப்பினார். முன்சக்கரம் ஒழுங்காகத் திரும்பியது. பின்சக்கரம் சாலையோரக் கல்மேட்டில் ஏறி இறங்கி, வண்டி ஒரு பெருமூச்சோடு புல்லுக்குள் சாய்ந்தது.

"அடிபட்டுச்சா? ஏய், எங்கயாவது அடிபட்டுச்சா?" என்று பதறினார்.

அவள் மல்லாந்து கிடந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்தபடி எட்டிப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீளமான வண்டியை இப்படியாங்க திருப்புவாங்க? முன்சக்கரம் போன வழியிலயே பின்சக்கரமும் வரும்னு நினைச்சீங்களா? அது குறுக்கு வழியிலதான் வரும். அகலமா எடுத்துத் திருப்பணும். இத்தனை வருஷமா நான் என்ன, தள்ளுவண்டியா ஓட்டறேன்?"

"தனி சைக்கிள் ஓட்டின பழக்கம்…"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏறினது ரெண்டு பேர். ஓட்டறது மட்டும் தனி ஆளாவே ஓட்டறீங்க."

தலையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்குத்தான் சுருக்கென்றது.

"எழுந்திருங்க. இனிமே நான் முன்னாடி."

"உனக்குப் பழக்கமில்லையே…"

"ஒரு பஸ் நிறையப் பிள்ளைங்களை, அதுங்க போடற கூச்சலோட சேர்த்துக் கொண்டுபோய்ச் சேர்க்கறேன். ஒரு பல்லுக்காரரைக் கொண்டுபோக மாட்டேனா?" என்றவள், சீட்டின் உயரத்தைச் சரிசெய்தபடி, குரலைக் கொஞ்சம் இறக்கினாள். "போட்டி முடியற கோட்டுகிட்ட நான் துண்டும் செருப்புமா நிப்பேன். உங்க முகம் கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அப்புறம் முதுகுதான். இன்னைக்காவது முகத்தைப் பார்த்துப் பேசலாம்னு வந்தா, காலையிலேர்ந்து அதே முதுகு. வேர்வையில அதுல விழற தேசப்படம் எனக்கு மனப்பாடம்."

"நீ முன்னாடி போனாலும் என் முகம் உனக்குத் தெரியாதே."

"தெரியவேணாம். நீங்க கொஞ்ச நேரம் என் முதுகைப் பாருங்க."

பின்சீட்டில் உட்கார்ந்தார். அங்கே பிரேக் இல்லை, மணி இல்லை. பிடித்துக்கொள்ளத் திரும்பாத ஒரு கம்பி, அவ்வளவுதான். எதிரே பள்ளம் வருகிறதா, மேடு வருகிறதா என்று ஒன்றும் தெரியவில்லை. அவள் ஒவ்வொரு வளைவையும் அகலமாக எடுத்து, அலுங்காமல் திருப்பினாள். வேலை இல்லாத கண்கள் பக்கவாட்டில் வயலைப் பார்த்தன, வேலியைப் பார்த்தன. கடைசியில் அவளிடம் வந்து நின்றன.

அவளுடைய ஒரு கை இன்னொரு கையைவிட நன்றாகக் கறுத்திருந்தது. ஜன்னல் பக்கத்துக் கை. வெயில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் தோள்வரை தனியாகச் சுட்டிருந்தது. எத்தனை வருடமாக இப்படி இருக்கிறதோ.

"உன் கை இப்படிக் கறுத்துப்போச்சே, நீ சொல்லவே இல்லையே?"

"ஓட்டறவங்ககிட்ட பயணிங்க பேசக்கூடாது. பஸ்ல எழுதியிருக்குமே, படிச்சதில்லையா?"

 அடுத்த வளைவைத் தாண்டியதும் அவளே பேசினாள்.

"ஓட்டறவங்க பேசலாம். ஒரு விஷயம் சொல்லணும். ஏரிக்குப் போய்ச் சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

 தவளை வாயை விட்டுவிட்டானோ?

"ஞாயித்துக்கிழமை சுற்றுலா டிரிப் ஓட்டிக்கிட்டு இருந்தேன்ல, அடுத்த மாசத்துலேர்ந்து வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"ஏன்? உனக்கு அது பிடிச்சதுதானே?"

"யார் சொன்னா? நீங்க விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவீங்க. பொண்ணும் போயிட்டா. சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க முடியாமதான் எடுத்தேன். இனிமேதான் நீங்க வீட்ல இருக்கப்போறீங்களே."

அவள் மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துக்கொண்டாள். முன்னால் ஆளும் இல்லை, மாடும் இல்லை. சும்மா ஆசைக்குத்தான் அடித்தாள்.

அந்த மணிச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"அடுத்த வருஷப் போட்டிக்குப் பேர் கொடுத்துட்டேன்."

பெடல் நின்றது. அவர் காலும் நின்றது. வண்டி மட்டும் சக்கரம் டிக் டிக்கென்று தட்டத் தானாக உருண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டும்போது சாலையிலிருந்து கண்ணை எடுக்கிறவள் இல்லை அவள்.

"வண்டி வாங்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

'பின்னாடி' என்று சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு அது கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். ஆசையாக வாங்கிய வண்டி ஆசையாக வாங்கிய வண்டியாகவே இருந்திருக்கும்.

"முன்னாடி."

 பெடல் மறுபடி சுழன்றது. இந்தத் தடவை வேகமாக. அவர் காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழன்றது.

இனி போட்டி இல்லை என்று இன்னொரு வாக்குக் கொடுக்கலாம். ஆனால் போன வாக்கின் கதியை இப்போதுதான் அவள் கேட்டிருக்கிறாள். பின்சீட்டில் கைகளுக்கு வேலை கிடையாது. அவர் போனை எடுத்தார்.

"அண்ணே! சொல்லியாச்சா? அண்ணி என்ன சொன்னாங்க?" தவளையின் குரல் வயல்வரை கேட்டது.

"ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்ணே!"

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, அதான் அப்படிச் சொல்ற. என் பேரை எடுத்துட்டு வேற யாரையாவது போடு."

"கோபமா இருக்காங்களா? போனை அவங்ககிட்ட கொடுங்க, நான் பேசறேன்."

"அவங்க வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காங்க."

"அப்போ நீங்க?"

"நான் பின்னாடி உட்கார்ந்திருக்கேன்."

 "உடம்பு நல்லாத்தானேண்ணே இருக்கு?"

"நல்லா இருக்கு. எடுத்துடு."

"கடல்ணே. கடல்ல நீந்தணும்னு எத்தனை வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க!"

"ஆசைதான். இப்பவும் ஆசைதான். எடுத்துடு."

போனைப் பைக்குள் போட்டார். பார்த்தே இராத அந்தக் கடல் நெஞ்சுக்குள் ஒரு முறை புரண்டு அடங்கியது. ஏரிக்கு முந்தைய கடைசி மேடு தொடங்கியிருந்தது. அவள் முதுகு முன்னுக்குக் குனிந்தது. சட்டையில் தோள்பட்டைகளுக்கு நடுவே வேர்வை மெல்லப் படர்ந்து, ஏதோ ஒரு தேசத்தின் ஓரமாக வளர்ந்துகொண்டிருந்தது. போனில் பேசியதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்ட அடையாளம் அந்த முதுகில் ஒன்றும் தெரியவில்லை. மேடு ஏற ஏறப் பெடல் கனத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை அழுத்தி அழுத்தி மிதித்தார்.

"நான் மிதிச்சுக்கிட்டுதான் இருக்கேன்… தெரியுதா?"