பத்தொன்பது வினாடி

அலுவலகத்தில் அவனுக்கு வரிசைக்காரன் என்று பெயர். கணினி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் உட்கார்ந்து, எந்த டேட்டா பாக்கெட் முதலில் போகட்டும், எது காத்திருக்கட்டும் என்று பார்க்கிற நிரலை எழுதுகிறவன்.

அண்ணன் போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. சாப்பிட்டான், பஸ் ஏறினான், வேலைக்கு வந்தான். அழுகை மட்டும் வரவில்லை. மனசு மரத்துப்போன கால் மாதிரி இருந்தது. கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி.

இறந்த அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அண்ணன் ஆஸ்பத்திரி அறை போனிலிருந்து கூப்பிட்டார். "டேய்" என்றது கேட்டது. பிறகு கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒண்ணும் கேக்கல. மீட்டிங் முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"கடைசியா உங்ககிட்டதான் பேசினாரு தம்பி. என்ன சொன்னாரு?" என்று அண்ணி கேட்டார்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி இன்றுவரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அதே ஆஸ்பத்திரியிலிருந்து புகார். ஸ்கேன் படங்கள் மொத்தமாகக் கிளம்பும்போது, அதே நெட்வொர்க்கில் போகிற போன் பேச்சு அறுந்துபோகிறதாம். அங்கே ஓடுவது தன் நிரல்தான் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோளாறை வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பங்கு உண்டு. பங்கு தீர்ந்தால் தூங்கும், நேரம் வந்ததும் எழுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பினால் கணினி திணறும் என்று, சுற்றுக்கு ஐந்நூறு இணைப்பு போதும், மிச்சம் அடுத்த சுற்றில் என்று குத்துமதிப்பாக வரம்பு வைத்தவனே அவன்தான். மிச்சம் விழும்போதெல்லாம் நிரல் ஓர் எச்சரிக்கை எழுதும். தொணதொணக்கிறது என்று அதன் வாயை அடைத்தவனும் அவன்தான்.

சோதனைக்காக, பேச்சு அதிகம் அறுந்த ஒரு நாளின் நெட்வொர்க் போக்குவரத்துப் பதிவை அனுப்பியிருந்தார்கள். அது அண்ணன் போன நாள். பேச்சு அதில் இருக்காது. எது எப்போது கிளம்பியது என்பது மட்டும் இருக்கும். அண்ணன் படுத்திருந்த பதினாலாம் அறையின் போனும் இருந்தது.

எண்ணிக்கை வரம்பைத் தூக்கிவிட்டு நேர வரம்பு வைத்தான். கணினிக் கடிகாரத்தின் இரண்டு துடிப்பு வரை எழுப்பு, மிஞ்சியதை உடனே மறுபடி எடு. அந்தப் பதிவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்ததில், எட்டாவது ஓட்டத்தில் பதினாலாம் அறையின் கோடு ஒரு பாக்கெட்கூடத் தாமதிக்காமல் வந்து சேர்ந்தது. ஆள் பேசினால்தான் அந்த போன் எதையும் அனுப்பும். பத்தொன்பது வினாடி அனுப்பியிருந்தது. நடுவில் இரண்டு இடைவெளி.

டீம் லீடர் எட்டிப் பார்த்தார். "சரியாயிடுச்சா? அப்ப மெயில் தட்டிவிட்டுடு."

"சரி சார்."

மெயிலை அனுப்பிவிட்டு, மாடிப்படிக்குப் போய் அண்ணியைக் கூப்பிட்டான்.

"அண்ணி, அன்னிக்கு அண்ணன் சாப்பிட்டியான்னு கேக்கல. டேய்னதுக்கு அப்புறம் அவர் பேசினது எதுவுமே என் காதுல விழல. தப்பு என் வேலையில இருந்தது. மீட்டிங்னு போனை வச்சதும் நான்தான்."

அவனே தொடர்ந்தான்.

"பத்தொன்பது செகண்ட் பேசியிருக்காரு. நடுவுல ரெண்டு தடவை நிறுத்தியிருக்காரு."

"என்ன பேசினாராம்?"

"தெரியாது அண்ணி. இனிமே தெரிய வழியும் இல்ல."

"ரெண்டு தடவையா" என்றார் அண்ணி. "மூச்சு வாங்கியிருக்கும். நான் அப்ப கேன்டீன்ல இருந்தேன்."

அவன் படியில் உட்கார்ந்தான். அழுகை அப்போதும் வரவில்லை.

"தம்பி, சாயங்காலம் அவரோட ஆபீஸ்காரங்க வர்றாங்க" என்றார் அண்ணி. "கடைசியா என்ன பேசினாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"