இரண்டாவது பிரேக்

பிறந்து நாலு மாதம் ஆகியும் துரைக்கு ராத்திரி என்றால் என்னவென்று தெரியவில்லை. துரை என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். பெற்றவர்கள் இரண்டு பேரும் கைகட்டிச் சேவகம் செய்ய, நினைத்தபோது கத்தி நினைத்தபோது சிரிப்பவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? பகலில் கோழித் தூக்கம் போடுவான். விளக்கை அணைத்ததும் வீறிட ஆரம்பித்தால் மேல்வீட்டுக்காரி தரையைத் தட்டும்வரை ஓயமாட்டான். தட்டிய பிறகும் ஓயமாட்டான்.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "நீ பதட்டப்படற, அதான் பிள்ளையும் பதட்டப்படுது" என்று நாத்தனார் போனில் கண்டுபிடித்துச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் போய்த் தூங்கியிருப்பாள். டாக்டர் காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், எடை போட்டார். "குழந்தைக்கு ஒண்ணுமில்லம்மா, தானா சரியாயிடும்" என்றார். சரியாகும் வரைக்கும் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

சொல்ல இருந்தது. ஒரு விடியற்காலை, அழுதுகொண்டிருந்த பிள்ளையைப் படுக்கையில் வைக்கும்போது கை கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டது. போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். துரை ஒரு நொடி மூச்சடைத்துப் போய் அவளைப் பார்த்தான். பிறகு இன்னும் பெரிதாக அழுதான். அவள் சுவரோரம் போய் நின்று தன் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, எனக்கு என்னையப் பாத்தாலே பயமா இருக்கு" என்றாள்.

"ம்" என்றான் கணவன். அவன் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

அவன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். காலையில் முதல் வகுப்பு சீக்கிரம் என்பதால் பயிற்சி வண்டியை வீட்டுக்கே எடுத்துவந்து நிறுத்திக்கொள்வான். டாக்டரிடம் போய்த் திரும்பிய அன்றைக்கு அந்த வண்டியில்தான் அதிசயம் நடந்தது. வண்டி நகர்ந்ததும் துரை வாயை மூடினான், கண்ணை மூடினான், தலை சாய்ந்துவிட்டது. சிக்னலில் நின்றதும் கண்ணைத் திறந்தான். பச்சை விழுந்தது, மறுபடி மூடினான்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி ஊர்வலம்தான். நாத்தனார் பிள்ளை வளர்ந்துவிட்டதால் கழித்துக் கொடுத்த குழந்தை நாற்காலியைப் பின்சீட்டில் பெல்ட்டால் இறுக்கிக் கட்டி, துரையை அதில் வைத்துப் பூட்டி, விடியும்வரை தெருத் தெருவாகச் சுற்றுவான். பகலில் வகுப்பு. மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்? ஒரு மத்தியானம், படிக்க வந்த அம்மாள் பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சொக்கி விழுந்தான். வண்டி ரோட்டு நடுவில் இருந்த திட்டில் ஏறி நின்றது. அந்த அம்மாள் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா சாவிய மேசைல வச்சுட்டுப் போயிடுங்க மாஸ்டர்" என்றாள் ஸ்கூல் முதலாளியம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவனைக் கதிகலங்க வைத்தது. அந்த வேலை ஒன்றை நம்பித்தான் மூன்று உயிர்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க. நான் சுத்தறேன், நீங்க தூங்குங்க" என்றாள் மனைவி.

வீட்டில் சட்டைப் பட்டன் அறுந்தாலே குதிக்கிறவன், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் பொறுமையின் சிகரம். பழக்க தோஷத்தில் அவளையே, "கிளட்ச்ச படக்குனு விடாதீங்க மேடம்" என்று சொல்லிவிட்டான். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது.

"பயப்படாத. என்ன ஆனாலும் பிரேக் என் காலடியில இருக்கு" என்றான். சேர்கிற எல்லோரிடமும் முதல் நாளே அவன் சொல்வதுதான். பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டுக்கு அடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த வார்த்தையில் அவளுக்குப் பாதி பயம் போய்விட்டது. மிச்ச பயம் போனதுதான் வினை.

ஸ்கூலின் பயிற்சித் திடல் ராத்திரியில் காலி. ஓரமெல்லாம் பழைய டயர்களை ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும், அதற்குப் பின்னால் மதில். ரோட்டுக்குப் போகாமல் அந்தத் திடலையே சுற்றிச் சுற்றி வந்தாள். பழகியும்விட்டாள். துரை தூங்கினான். பக்கத்து சீட்டில் கணவன் கொட்டக் கொட்ட விழித்திருந்து, அவளையும் திடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரேக்கை விட்டுக் காலை எடுக்கவே இல்லை. அப்புறம் என்ன பிரயோஜனம் என்று அவள் கோபித்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் ஓட்டற" என்றான் அன்றைக்கு. "கண்ண மட்டும் மூடிக்கறேன். தூங்கல."

"தூங்குங்களேன். யார் வேண்டாங்கறா?"

அவன் தூங்கினான். ஓட்டுகிறவள் இருக்கிறாள், பிரேக் அவள் காலடியில் இருக்கிறது என்கிற நிம்மதியில் தூங்கினான். அவன் கால் பிரேக்கிலிருந்து நழுவி ஓரமாகப் போனதை இருட்டில் அவள் பார்க்கவில்லை. சுற்றச் சுற்ற டயர் அடுக்குகள் எல்லாம் ஒன்றேபோல வந்து போயின. எஞ்சின் சத்தம் அவளையும் தாலாட்டியது. என்ன ஆனாலும் அவர் காலடியில் பிரேக் இருக்கிறது என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம். வண்டியில் பிரேக் இரண்டு இருந்தது. மிதிக்க ஒரு கால்கூட இல்லை.

தடால் என்ற சத்தம் கேட்டது. மார்பில் பெல்ட் அறைந்தது. மேலேயிருந்து ஒரு டயர் உருண்டு வந்து கண்ணாடியில் மோதி விழுந்தது. எஞ்சின் அணைந்துபோயிற்று.

பின்சீட்டில் சத்தமே இல்லை.

நாலு மாதமாக எந்த மௌனத்துக்காகத் தவம் கிடந்தாளோ, அதே மௌனம். பெல்ட் கழலமாட்டேன் என்றது. உடம்பை முறுக்கி, இரண்டு சீட்டுக்கும் நடுவே சாய்ந்து, பின்னால் கையை நீட்டினாள். காதைத் துரையின் பக்கம் திருப்பினாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"அழுடா" என்றாள். "என் துரை, அழுடா. கத்துடா. அம்மா உன்னை ஒண்ணும் சொல்லமாட்டேன்டா."

"எழுப்பு, எழுப்பு அவன" என்று கணவன் அலறினான். கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தான்.

அதற்குள் அவள் கைக்குக் குழந்தையின் பாதம் அகப்பட்டது. பலங்கொண்ட மட்டும் கிள்ளினாள்.

வீல் என்று கத்தினான் துரை. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவன் அசந்து தூங்கியிருக்கிறான், அவ்வளவுதான்.

அவனைத் தூக்கிக்கொண்டு டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். கிள்ளிய இடம் சிவந்திருந்தது. அந்த இடத்தில் முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கணவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். ஒரு பக்க விளக்கு நொறுங்கி, எஞ்சின் மூடி மடங்கி மேலே எழும்பியிருந்தது. விடிந்தால் முதல் வகுப்பு. அவன் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். முதலாளியம்மாவின் மேசை அவன் கண்ணுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"உன் காலு பிரேக்ல இருக்குன்னு நெனச்சேன்" என்றான் வந்து உட்கார்ந்து.

"நானும் அதையேதாங்க நெனச்சேன்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவளால் அழ முடியவில்லை. நாளை ராத்திரி வண்டி இருக்காது, வேலை இருக்காது. இதே அழுகையை இதே காதால் கேட்டு, இந்தப் பிள்ளையை இதே வாயால் சபிக்கத்தான் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. துரை விக்கி விக்கி, தொண்டை கமற, ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான். "குடு, நான் தூக்கிட்டு நடக்கறேன். தூங்கிடுவான்."

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"வேண்டாங்க," என்றாள். "கொஞ்ச நேரம் அழட்டும்."