லிம் ஆன்ட்டி கேட்கிற இங்கிலீஷ்

முறுக்கு டப்பாவை எடுக்க அலமாரியைத் திறந்த அண்ணாதுரை அப்படியே நின்றுவிட்டார். கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மனைவி சந்திரமதியின் கையெழுத்து. ஆங்கிலத்தில் கோ, வென்ட், கான் என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழில் போ, போனேன், போய்விட்டேன். கடைசி வரியில் ‘போயிருப்பேன்’. அதற்கான ஆங்கிலத்தை மட்டும் மூன்று முறை அடித்து எழுதியிருந்தாள்.

சிங்கப்பூரில், ஈசூன் வீட்டில் ஆங்கில இலாகா அண்ணாதுரையுடையது. ஜூரோங்கில் ஒரு கிடங்கில் முப்பது வருடக் குமாஸ்தா. அங்கே அவர் எழுதும் மின்னஞ்சல்களை இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி திருத்தித்தான் அனுப்புகிறாள் என்பது வீட்டுக்குத் தெரியாது. அந்தக் கணக்கை நேர் செய்வதுபோல அவர் வீட்டில் திருத்துவார். இடம், பொருள் பார்க்கிற பழக்கம் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் லிஃப்ட் வாசலில் அதைத்தான் செய்தார். சந்திரமதி அம்மாவின் காரியம் முடிந்து ஊரிலிருந்து அன்றுதான் திரும்பியிருந்தார்கள். எங்கே ரொம்ப நாளாகக் காணோம் என்று எதிர்வீட்டு லிம் ஆன்ட்டி கேட்டார்.

“மை மதர் கோ ஆல்ரெடி, ஆன்ட்டி” என்றாள் சந்திரமதி.

லிம் ஆன்ட்டி அவள் கையைப் பிடிப்பதற்குள் அண்ணாதுரை முந்திக்கொண்டார். “கோ இல்ல சந்திரா. கான். ஹாஸ் கான்.”

செத்துப்போனவரை ஆங்கிலத்தில் ‘பாஸ்ட் அவே’ என்பார்கள் என்பது, அதாவது தன் திருத்தமே தப்பு என்பது, அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றோடு சந்திரமதி அவர் காதுபட ஓர் ஆங்கில வார்த்தையும் பேசவில்லை. டாக்டரிடம்கூட, “நீங்களே சொல்லுங்க” என்பாள். அவர் சொல்வார். சொல்லி முடித்ததும் வாய் கசக்கும்.

“அங்க என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?”

சந்திரமதி குழந்தைப் பராமரிப்பு நிலையத்துச் சமையல் வேலையை முடித்துவிட்டு வந்திருந்தாள். தாளைப் பார்த்தாள், மறைக்கவில்லை.

“நாளைக்கு டெஸ்ட். பேசிக் காட்டணும். பாஸானா சமையல்லேர்ந்து கிளாஸ் ரூமுக்கு மாத்துறாங்களாம்.”

“கிளாஸ் எங்க போற?”

“சிராங்கூன் ரோட்ல. ஆறு மாசமா, சனிக்கிழமை சனிக்கிழமை.”

சனிக்கிழமைகளில் அம்மா படத்துக்குப் பூ வாங்கத் தேக்கா சந்தைக்குப் போகிறாள் என்றே அவர் நினைத்திருந்தார். இரண்டு முழம் பூவுக்கு மூன்று மணி நேரமா என்று கேட்கத் தோன்றவில்லை. பூவைத் திருத்த முடியாதல்லவா.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா. யார்கூடப் பேசிப் பழகுற?”

“லிம் ஆன்ட்டிகூட.”

“அவங்க இங்கிலீஷே...”

“தப்புத்தான். ஆனா அவங்க கேக்குறாங்க.”

“இன்னைக்கு நான் கேக்குறேன்” என்றார் அண்ணாதுரை.

“உங்களால வாய மூடிட்டு இருக்க முடியாது.”

அவர் டப்பாவைத் திறந்து ஒரு முழு முறுக்கை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் புடைத்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எதிரில் அவள் அப்படிச் சிரித்தும் நாளாகியிருந்தது.

சந்திரமதி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். “எவ்ரிடே ஐ கோ டு ஒர்க். யெஸ்டர்டே ஐ வென்ட் டு மார்க்கெட்.” சரி. “மை ஹஸ்பண்ட் கோ டு ஜூரோங்.” அண்ணாதுரையின் நாக்கு முறுக்கை முட்டியது. முறுக்கு நகரவில்லை. தப்பித்தார்.

அடுத்த வார்த்தையான ‘கான்’ வந்ததும் நிறுத்திவிட்டாள். கண்ணைத் திறந்தவள் பார்வை கூடத்துச் சுவருக்கு, மாலைக்குள் இருந்த அம்மா படத்துக்குப் போனது.

“இது மட்டும் எனக்கு மறக்கல. நீங்க லிஃப்டுகிட்டயே சொல்லிக் குடுத்துட்டீங்க.”

அவர் மன்னிப்புக் கேட்டார். முறுக்கு வழியாக அது வெறும் முனகலாகத்தான் வந்தது. துப்பிவிட்டுச் சொல்வதா, விழுங்கிவிட்டுச் சொல்வதா என்று அவர் தவிப்பதற்குள் அவள் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

“மிச்சத்த ஆன்ட்டிகிட்டயே பாத்துக்குறேன்.”

போகும்போது வாசல் கதவைச் சாத்தவில்லை. மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்று தெரியவில்லை. தாழ்வாரத்திலிருந்து அவள் குரல் வந்தது. “ஆன்ட்டி, மை மதர்...” என்று தொடங்கி, தட்டுத் தடுமாறி, நீளமாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அவரிடம் சொல்லாத கதை.

அண்ணாதுரை நாற்காலியைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முறுக்கை மெல்லவில்லை. சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவாள். அது தானாக ஊறிக் கரையட்டும் என்று வாயை மூடிக்கொண்டு கேட்டார்.