ஃப்ரிட்ஜின் பின்சுவர்

மருமகளுக்கு மூக்குதான் எஜமான். அது உத்தரவு போட்டால் அவள் மறுபேச்சு பேசமாட்டாள். மாடிவீட்டில் யாராவது பாலைத் தீய விட்டால் கீழே இவளுக்குத் தலை வலிக்கும். பேருந்தில் ஈரக் குடையோடு ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீடு வந்து சேர்வாள். கல்யாணமான புதிதில் கணவன் இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தான். பிறகு சாக்ஸை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டு முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டான்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டிலேயே ஃப்ரிட்ஜ் நாறத் தொடங்கியது. மீன் நாற்றம், முட்டை நாற்றம் என்றால் அவளுக்குக் கை வந்த கலை, சமாளித்திருப்பாள். இது என்னவென்றே பிடிபடவில்லை. கதவைத் திறந்ததும் அடிக்காது. ஒரு நொடி பொறுத்து, பால் பாக்கெட்டுக்குக் கையை நீட்டும்போது, சாக்கடையில் ஊறிய துணியை யாரோ முகத்தில் போட்டது போல வந்து மூடும். குமட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வெளியே அள்ளிப் போட்டாள். தட்டுகளைக் கழற்றிக் கழுவினாள், முட்டைகளைக்கூட ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் நாறியது. கதவில் வைத்த பால் வேறு திரிந்து போனது. குளிர் கூடினால் எல்லாம் அடங்கிவிடும் என்று உள்ளே இருந்த திருகைக் கடைசி எண்வரை திருப்பினாள். அதற்கப்புறமும் பால் திரிந்தது.

வீட்டில் இன்னொரு நாற்றமும் இருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது மாமனார். அவர் அச்சகத்தில் எழுத்துப்பிழை பார்த்துப் பார்த்தே கண் மங்கிப் போன மனிதர். குளித்து, துவைத்து, மடித்து உடுத்துகிறவர்தான். ஆனாலும் அவருக்கு சர்க்கரை வியாதி இருந்தது. அவருடைய இன்சுலின் பாட்டில்கள் பாலும் தயிரும் இருக்கிற ஃப்ரிட்ஜில் இருந்தன. சீல் உடைத்த பாட்டிலை அவர் தன் அறையிலேயே வைத்துக்கொள்வார். உடைக்காதவை மட்டும்தான் ஃப்ரிட்ஜில் இருக்கும். அதையே அவளால் சகிக்க முடியவில்லை. சாப்பிடுகிற பொருளுக்குப் பக்கத்தில் உடம்பில் குத்துகிற மருந்தா? சீ! மருந்துப் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேல் தட்டில், கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஒரே தள்ளாகப் பின்சுவரோடு தள்ளி வைத்தாள். மாமனார் புதுப் பாட்டில் கேட்டால் முந்தின நாள் மாலையே இரண்டு விரலால் எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவுவாள்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு சர்க்கரை ஏறத் தொடங்கியது. குளியலறை மூலையில் எறும்பு மொய்த்தது. எறும்பு எதற்காக அங்கே வருகிறது என்று புரிந்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை. மறுபடியும் கூட்டினார். "வெளியில ஏதாவது சாப்பிடறாரா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், மருமகளுக்குப் பொறி தட்டிவிட்டது. தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தாள். சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறினாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் உறை கிடைத்தது. அது கணவன் தின்றுவிட்டு ஒளித்தது என்று தெரிந்ததும் அந்த விஷயத்தை அப்படியே அமுக்கிவிட்டாள். கடைசியில் தன் எஜமானையே வேலைக்கு அனுப்பினாள்.

"வாயைத் திறங்க மாமா."

"எதுக்கும்மா?"

"திறங்க, சொல்றேன்."

கிழவர் திறந்தார். அவள் குனிந்து மோந்தாள். பழைய பல்லின் வாசனைதான் வந்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள். விரல்களையும் மோந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதால் அவர் பெரிய கைகாரர் என்று முடிவு கட்டினாள். மறுநாளும் வந்து நின்றாள், அதற்கடுத்த நாளும். ஒரு நாள் அவர் வாயைத் திறக்காமல், "ஆமாம்மா, சாப்பிட்டேன்" என்றார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"மிட்டாய்."

"எங்கேருந்து வந்துது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடையிலேருந்து" என்றார்.

அன்றைக்கே கணவனிடம் சொல்லி முடித்துவிட்டாள். ஊருக்கு வெளியே வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற விடுதி ஒன்று இருந்தது. அங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனிப்பார்கள், மிட்டாய் விளையாட்டெல்லாம் நடக்காது என்றாள். கணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், பிறகு சரி என்றான். இன்று சாயங்காலம் அவன் வண்டியோடு வருவான். காலையில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை வரச் சொன்னாள். இரண்டு நாற்றத்துக்கும் ஒரே நாளில் முடிவு கட்டிவிடலாம் என்பது அவள் கணக்கு.

மெக்கானிக் தொந்தியும் தோள்பையுமாக வந்து சேர்ந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மருமகள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சமையலறை ஜன்னல் ஓரமாகப் போய் நின்றாள்.

"கேஸ் போயிருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள்.

"எல்லாரும் அதத்தாம்மா சொல்வாங்க. மனுஷனுக்கு எது வந்தாலும் வாயுன்னு சொல்ற மாதிரி." அவர் மோட்டார் பக்கம் காதை வைத்துக் கேட்டார். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "கேஸ் போயிருந்தா உள்ள எங்கயுமே ஜில்லுன்னு இருக்காது. இங்க பாருங்க, பின்னாடி பனி பூத்திருக்கு. முன்னாடி கையை வெச்சா வெதுவெதுங்குது. மோட்டாரும் நிக்காம ஓடிட்டே இருக்கு. நோய் வேற."

ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். தாள் சுகமாக வழுக்கிக்கொண்டு வந்தது. "ரப்பர் பிடிக்கல. இத எதப் போட்டுத் துடைக்கிறீங்க?"

அவள் பாட்டிலைக் காட்டினாள். கழிப்பறைக்குப் போடுகிற திரவம். மெக்கானிக் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ரப்பரின் மடிப்பை விரலால் பிரித்துக் காட்டினார். வெளியே பளபளவென்று இருந்த ரப்பர் உள்ளே வெடித்துப் போய், வெடிப்பில் கருப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. அவர் நகத்தால் சுரண்டியதும் கொழகொழவென்று வந்தது. மருமகளுக்குத் தொண்டைவரை ஏறி இறங்கியது.

"இது என்னம்மா, தட்டெல்லாம் பிளாஸ்டிக் ஷீட்டு?"

"அழுக்கு ஆகாம இருக்க. ஓரம்கூடத் தெரியாம அளவா வெட்டிப் போட்டிருக்கேன்" என்றாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"அதான் வினை. கம்பித் தட்டு எதுக்கு ஓட்டையா இருக்கு? காத்து போக. குளிர் பின்சுவர்லதான் பொறக்குது. நீங்க வழியை அடைச்சிட்டீங்க. அது பின்னாடியே நின்னு ஐஸ் ஆகுது, முன்னாடி பால் கெடுது. பால் கெட்டதும் திருகை இன்னும் கூட்டியிருக்கீங்க. பின்னாடி இன்னும் ஐஸ்." அவர் கையை உள்ளே விட்டார். எதுவோ அகப்பட்டது, வரவில்லை. இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். மளுக்கென்று சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கவர் சுற்றிய பெட்டி, பின்னால் ஒரு பனிப்பாளத்தையும் சேர்த்துக்கொண்டு கையோடு வந்தது.

"சுவரோட ஒட்டிக்கிச்சு. என்னம்மா இது?"

"மாமாவோட மருந்து. அப்படி மேசைல வைங்க" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் வைத்துவிட்டுக் காய்கறிப் பெட்டியைக் கழற்றினார். அதற்கடியில்தான் இருந்தது சமாச்சாரம். சுவரிலிருந்து வடிகிற தண்ணீர் வெளியே போகிற சின்னத் துளை அடைபட்டு, தண்ணீர் தட்டு நிறையத் தேங்கிக் கிடந்தது. அதில் ஒரு கீரைத்தண்டு அழுகி நூலாகப் பிரிந்திருந்தது. மெக்கானிக் கம்பியைத் துளைக்குள் விட்டுத் திருகி இழுத்தார். பிளாஸ்டிக் ஷீட்டின் ஒரு துணுக்கு, அதைச் சுற்றிப் பழுப்பாகச் சளி போல ஒன்று, முழ நீளத்துக்கு வந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, பெரிய மீன் பிடித்தவர் கணக்காகக் காட்டினார். பின்னால் மோட்டார் மேலிருந்த தண்ணீர்த் தட்டை உருவியபோது அதில் ஒரு கரப்பான் மல்லாந்து மிதந்தது.

மருமகள் தொட்டிக்கு ஓடினாள். குடலே வெளியே வந்துவிடும் போல ஓங்கரித்தாள். வாயைக் கொப்பளித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். மேசையில் மருந்துப்பெட்டியின் பனி உருகிக் குளம் கட்டியிருந்தது. மேசையும் நாறிப் போகுமே என்று கவரைப் பிரித்து உதறினாள். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கல் போலச் சத்தம் போட்டன.

முதன்முறையாக ஒரு பாட்டிலை உள்ளங்கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குமேல் ஐஸ். உருகியிருந்த பகுதியில் திரிந்த பாலின் துணுக்குகள் போல வெள்ளை வெள்ளையாக மிதந்தது. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் பெட்டியைக் கொடுக்கும்போது ஒரு பாட்டுப் பாடுவார். ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஆனா ஐஸ் ஆக விட்டுடாதீங்கம்மா, ஐஸ் ஆயிட்டா அப்புறம் பச்சத் தண்ணிதான். அவள் எட்ட நின்று பையை மட்டும் நீட்டுவாள். காதில் விழும், கருத்தில் ஏறியதில்லை.

இவ்வளவு நாளாகக் கிழவர் தொடையில் குத்திக்கொண்டது மருந்தே இல்லை. மிட்டாயும் இல்லை, கடையும் இல்லை. எறும்பைக் கூப்பிட்டவள் இவள்தான்.

முதலில் வந்த யோசனை கேவலமானது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். குப்பைத்தொட்டி காலுக்கருகில் இருந்தது. போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? சாயங்காலம் அவர் போய்விடுவார், விடுதியில் புது மருந்து வாங்கிக்கொள்வார்கள், சர்க்கரை இறங்கும், 'பாத்தீங்களா, அங்க மிட்டாய் கிடைக்கல' என்று சொல்லிக்கொள்ளலாம். பூசி மெழுகிவிடலாம். அவள் மூடியைத் திறந்துகூட விட்டாள். அப்போதுதான் டாக்டர் கூட்டிய அளவு ஞாபகம் வந்தது. செத்த மருந்துக்காக இரண்டு தடவை கூட்டிய அளவு அது. அதே அளவை நாளைக் காலையில் உயிருள்ள மருந்தில் போட்டால் மனிதர் எழுந்திருக்க மாட்டார்.

தன் கையிலிருந்தே ஒரு வாடை வருவது போல இருந்தது. கழுவாமலே பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

மாமனார் கட்டில் ஓரத்தில், வெளுத்த சட்டை போட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டதும், அவள் கேட்காமலே, வாயைத் திறந்தார்.

மருமகள் பாட்டிலை நீட்டினாள். "மூடுங்க மாமா" என்றாள். "நீங்க எதையும் சாப்பிடல. மருந்துதான் கெட்டுப் போச்சு. நான்தான் பின்னாடி தள்ளி வெச்சு ஐஸாக்கிட்டேன். எனக்கு அதப் பாக்கவே பிடிக்காம தள்ளி வெச்சேன்."

அவர் பாட்டிலை வாங்கிக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "எனக்கு எங்க தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பிடாமலேயே ஏன் மாமா சாப்பிட்டேன்னு சொன்னீங்க?"

"சொன்னா நீ விட்டுடுவேன்னு நினைச்சேன்."

"எத?"

"தினம் வந்து என் வாயை மோந்து பாக்குறத." அவர் கோபமே இல்லாமல், பிழையைக் காட்டுகிறவர் போலச் சொன்னார். "எனக்கு அருவருப்பா இருந்துச்சும்மா."

அந்த வார்த்தையை அவள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். பேருந்தைப் பற்றி, மாடிவீட்டைப் பற்றி, இதே மனிதரைப் பற்றி. தன்னைப் பார்த்து ஒருவர் சொல்லக்கூடும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. மெத்தையில் உட்காரப் போனவள், அவருக்குப் பக்கத்தில் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றாள்.

"பையைக் கீழ வைங்க மாமா. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க எங்கயும் போக வேணாம்."

"டாக்டருக்கு மட்டும் போன் பண்ணி மருந்து அளவைக் கேட்டுடும்மா" என்றார் அவர். பையின் பிடியை விடவில்லை. "நான் போறேன். அங்க தனிக் கட்டில்னு உன் புருஷன் சொன்னான். கிட்ட யாரும் வரமாட்டாங்களாம்."

சமையலறையிலிருந்து மெக்கானிக் உற்சாகமாகக் கூப்பிட்டார். "ம்மா, இப்ப வந்து மோந்து பாருங்க! ஒரு நாத்தம் இருக்கா சொல்லுங்க!"

"கூப்பிடறார் பாரு" என்றார் மாமனார். "போய்ப் பாத்துட்டு வா."

மருமகள் போகவில்லை. அங்கேயே நின்று, அவர் காதுபட, டாக்டருக்குப் போன் போட்டாள். "மருந்தைக் கெடுத்தது நான்தான் டாக்டர்" என்று ஆரம்பித்தாள். மாமனார் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தபடி, வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்.